விளம்பரதாரருக்காக என் பெயரில் கட்டுரை கேட்கிறார்கள், எப்படி மறுப்பது?

கேள்வி: மேடம், சென்னையில் ஒரு தமிழ் மாத இதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். சர்க்கரை நோய்க்குச் சூரணம் விற்கும் ஒரு நிறுவனம் எங்கள் பின் அட்டையை ஆறு இதழ்களுக்கு புக் செய்திருக்கிறது. அதோடு சேர்த்து, அவர்களுடைய வைத்தியரைப் பேட்டி எடுத்து 'சர்க்கரையிலிருந்து 48 நாளில் விடுதலை' என்று நான்கு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார் மார்க்கெட்டிங் மேனேஜர். பலன் அடைந்தவர்கள் என்று மூன்று பேரின் போட்டோவையும் அவர்கள் சொன்னதாகச் சில வரிகளையும் நிறுவனமே அனுப்பிவிட்டது. 'விளம்பரம்' என்று போடமாட்டார்களாம், என் பெயரைப் போடுவார்களாம். எழுதியதை நிறுவனத்துக்கு அனுப்பி ஓகே வாங்க வேண்டுமாம். பொறுப்பாசிரியரிடம் சொன்னால், "இந்த ஒரு தடவை முடிச்சுக் கொடுத்துடும்மா, சம்பளம் எங்கேயிருந்து வருதுன்னு உனக்கே தெரியும்" என்கிறார். தீபாவளிக்கு அந்த நிறுவனத்திலிருந்து ஸ்வீட் பாக்ஸோடு வெள்ளிக்காசும் 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டும் எல்லாருக்கும் வந்தது, நானும் வாங்கிக்கொண்டேன். இப்போது எந்த முகத்தோடு மறுப்பது? என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.
பெயர் வேண்டாம், சென்னை

பதில்: எழுதாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வேலையை விடச் சொல்லவில்லை, மறுத்துவிட்டு அதே நாற்காலியில் உட்காரவும் வழி இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் உங்களிடம் கேட்பது ஒரு வேலை மாதிரி தெரிந்தாலும் அதற்குள் நான்கைந்து தப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டால்தான் எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடவே கூடாது என்று தெரியும். மேனேஜர் எதிரில் நின்று பேசும்போது குரல் நடுங்காமல் இருக்கவும் அது உதவும்.

படிக்கிறவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இதழில் மருத்துவக் கட்டுரை வந்தால் அடுத்த ஒரு வாரத்துக்கு ஆபீஸ் லேண்ட்லைன் ஓயாது. மருந்து எங்கே கிடைக்கும், டாக்டர் நம்பர் கொடுங்கள், என் அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒருமுறை அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேசினார். பேத்திக்குப் பதினொரு வயதாம், தினமும் ஊசி போடுகிறார்களாம், நம் இதழில் வந்த ஒரு கஷாயத்தைக் கொடுக்க ஆரம்பித்தால் ஊசியை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். போனை எடுத்தது ஒரு புதுப் பெண், அவளுக்கு வியர்த்துவிட்டது. "நிறுத்தவே கூடாது தாத்தா, டாக்டரைக் கேக்காம எதுவும் பண்ணாதீங்க" என்று நான்கு தடவை திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு இருந்தது முதல் வகைச் சர்க்கரை நோய், இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அவர் போன் போட்டுக் கேட்டார், கேட்காமலேயே நிறுத்துகிறவர்கள் நமக்குத் தெரிய வரப்போவதே இல்லை. 'சர்க்கரையிலிருந்து விடுதலை' என்று தலைப்பு வைத்தால் அதில் முதல் வகை, இரண்டாம் வகை என்ற பேதமெல்லாம் யார் கண்ணுக்கும் படாது. பக்கத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் போய் நீட்டுவார்கள். அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட அவர்கள் அதற்கு முன் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பல வருஷமாக வீட்டுக்கு வருகிற இதழை நம்பி, கட்டுரைக்கு மேலே இருக்கும் உங்கள் பெயரை நம்பித்தான் வாங்குவார்கள்.

விளம்பரம் வாங்குவதே பாவம் என்று சொல்லும் ஆள் நான் கிடையாது. பின் அட்டை விற்காவிட்டால் பேப்பர் விலை ஏறுகிற ஏற்றத்தில் எந்த மாத இதழும் நிற்காது, உங்கள் பொறுப்பாசிரியர் சம்பளத்தைப் பற்றிச் சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் அந்த நிறுவனம் பின் அட்டையில் பேசினால் அது அவர்கள் குரல் என்று எல்லாருக்கும் தெரியும். உள்பக்கத்தில் உங்கள் பெயரில் பேசினால் அது தெரியாது, தெரியக் கூடாது என்பதற்குத்தான் காசே கொடுக்கிறார்கள். விளம்பரம் எது, செய்தி எது என்று வாசகருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகள் சொல்வது இதனால்தான். 2009 மகாராஷ்டிரச் சட்டசபைத் தேர்தல் நேரத்தில், ஒன்றுக்கொன்று போட்டியான மராத்தி நாளிதழ்களில் அன்றைய முதல்வரைப் புகழும் ஒரே கட்டுரை அப்படியே வந்திருந்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் 'தி இந்து'வில் எடுத்துப் போட்டார். அதை ஒட்டிக் கிளம்பிய 'பெய்டு நியூஸ்', அதாவது காசு வாங்கிக்கொண்டு செய்தி மாதிரிப் போடும் விவகாரத்தைப் பத்திரிகைக் கவுன்சில் இரண்டு பேர் கொண்ட குழுவை வைத்து விசாரித்தது. ஆனால் 2010-ல் வந்த அந்த அறிக்கையில் பத்திரிகைகளின் பெயர்கள் இருந்ததால் முழுதாக வெளியிடத் தயங்கி, சுருக்கித்தான் கொடுத்தார்கள். மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகு 2011-ல்தான் முழு அறிக்கை வெளியே வந்தது. நம் தொழிலைப் பற்றி நாமே விசாரித்ததை நாமே ஒளித்து வைத்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. தேர்தல் செய்தி என்றால் ஊரே பேசுகிறது. மருந்து, ரியல் எஸ்டேட், காலேஜ் அட்மிஷன் விஷயத்தில் இதே வேலை வருஷம் முழுக்க நடக்கிறது, அதை யாரும் எண்ணுவதுகூட இல்லை.

சரி, 'விளம்பரப் பகுதி' என்று ஒரு வரி போட்டுவிடுகிறோம், ஆளை விடும்மா என்று மேனேஜர் இறங்கி வரலாம். அந்த வரியை எப்படிப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டுரைக்கு வழக்கமாக வைக்கிற அதே எழுத்துரு, அதே மூன்று பத்தி அமைப்பு, அதே தலைப்பு ஸ்டைல். 'விளம்பரம்' என்ற சொல் மட்டும் பைண்டிங் ஓரத்தில் வெளிர் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத சைஸில் இருக்கும், நான்கு பக்கக் கட்டுரையில் முதல் பக்கத்தோடு அதுவும் காணாமல் போய்விடும். உண்மையிலேயே தெரியப்படுத்த நினைத்தால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் கட்டுரை எழுத்தின் சைஸுக்குக் குறையாமல் போட வேண்டும், எழுத்துருவும் பின்னணியும் வேறாக இருக்க வேண்டும், பொருளடக்கத்தில் கட்டுரைகளோடு சேர்க்கக் கூடாது, ஆசிரியர் குழுவில் யார் பெயரும் அதில் வரக் கூடாது. அமெரிக்காவின் 'அட்லாண்டிக்' இதழ் 2013 ஜனவரியில் சயன்டாலஜி என்ற மத அமைப்பு காசு கொடுத்த ஒரு பக்கத்தைத் தன் இணையதளத்தில் போட்டது. விளம்பரதாரரின் பக்கம் என்று அதில் எழுதியே இருந்தது, ஆனாலும் வாசகர்கள் கொதித்துப்போய் அன்றைக்கே அதை எடுக்க வேண்டி வந்தது, இதழ் வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டது. இதழின் சட்டையை மாட்டிக்கொண்டு விளம்பரம் வந்தால் லேபிள் ஒட்டியிருந்தாலும் ஜனங்களுக்குப் பிடிக்காது.

ஆனால் உங்கள் விஷயத்தில் லேபிள் எவ்வளவு பெரிதாக ஒட்டினாலும் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது, மேனேஜருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரச் சட்டம் என்று 1954-லிருந்து ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணையில் உள்ள நோய்களைக் குணப்படுத்தும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. அந்த அட்டவணையில் சர்க்கரை நோய் இருக்கிறது, புற்றுநோய் இருக்கிறது, வலிப்பு இருக்கிறது. அலோபதி, சித்தா, ஆயுர்வேதம் என்று பேதம் கிடையாது. விற்கிறவருக்கு மட்டும் உள்ள தடையும் இல்லை, அப்படிப்பட்ட விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எந்த வகையிலும் பங்கெடுக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் வாசகம். முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காசு வாங்கிப் போட்ட பக்கத்தை 'இது விளம்பரம் இல்லை, கட்டுரை' என்று கோர்ட்டில் யார் நின்று வாதாடுவார்கள்? 2024-ல் பதஞ்சலி நிறுவனத்தின் மருந்து விளம்பரங்களை உச்ச நீதிமன்றம் பிடித்த பிடியில் அவர்கள் பத்திரிகைகளில் மன்னிப்பு விளம்பரம் கொடுக்க வேண்டியதாயிற்று, அதையும் பார்த்துவிட்டு, 'பழைய விளம்பரங்கள் வந்த அதே அளவில்தான் இந்த மன்னிப்பும் வந்ததா' என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஆகவே அந்தப் பின் அட்டை விளம்பரத்தில் என்ன வாசகம் வரப்போகிறது என்பதையும் யாராவது ஒருவர் இப்போதே வாங்கிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது அந்த மூன்று பேர். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே நிறுவனத்தின் பொய்யோ மேனேஜரின் பொய்யோ போய், நீங்களே சொல்லும் பொய் ஆரம்பிக்கிறது. 'நம்மிடம் பேசிய அவர், முகமெல்லாம் மலர்ச்சியோடு சொன்னார்' என்று நீங்கள் எழுதினால் அவர் உங்களிடம் பேசியிருக்க வேண்டும், அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' வார இதழ், எதை எழுதினாலும் சரிபார்க்கத் தனிப் பிரிவே வைத்திருக்கும் இடம். அங்கே கிளாஸ் ரெலோடியஸ் என்ற நட்சத்திர நிருபர், சந்திக்காத மனிதர்களைச் சந்தித்ததாகவும் சொல்லாததைச் சொன்னதாகவும் எழுதி விருதுக்கு மேல் விருது வாங்கிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ என்ற நிருபருக்குச் சந்தேகம் வந்து, ஆசிரியர்கள் நம்பாமல் போனதால் தன் கைக்காசைப் போட்டு அமெரிக்கா போய், கட்டுரையில் வந்த ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். அந்த ரெலோடியஸை நாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். 2018 டிசம்பரில் இதழே எல்லாவற்றையும் வெளியிட வேண்டி வந்தது. உங்களுடையது அந்த அளவுக்குப் பெரிய இதழ் இல்லாமல் இருக்கலாம், செய்யச் சொல்வது அதே காரியம்தான்.

அந்த மூன்று பேரும் நிஜம்தான் என்று நிறுவனம் சொன்னால், சந்தோஷம், நேரில் பார்க்கிறேன் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போங்கள். சூரணம் சாப்பிட ஆரம்பிக்கும் முன் எடுத்த ரிப்போர்ட்டையும் பிறகு எடுத்த ரிப்போர்ட்டையும் கேளுங்கள், சாப்பிட்ட நாட்களில் மெட்ஃபார்மின் மாதிரி டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையும் கூடவே போய்க்கொண்டிருந்ததா என்று கேளுங்கள், சோற்றைக் குறைத்தாரா, நடக்க ஆரம்பித்தாரா என்று கேளுங்கள், இதில் பேச அவருக்குக் காசோ இலவச மருந்தோ கிடைத்ததா என்றும் கேளுங்கள். போட்டோ போட அவர் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் கொடுத்தாரா, எந்த இதழில் எந்தத் தலைப்புக்குக் கீழே வரப்போகிறது என்று தெரிந்து கொடுத்தாரா என்பது தனிக் கேள்வி. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று டாக்டர்கள் பார்க்கும் எச்பிஏ1சி சோதனையே ஏறக்குறைய இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் தணிந்துவிட்டது என்று சொல்ல, மருந்தையெல்லாம் நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் அந்த எண் 6.5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2021-ல் வரையறை கொடுத்தது, அப்போதும் 'குணமாகிவிட்டது' என்ற வார்த்தையை அவர்கள் தவிர்த்தார்கள். 48 நாளில் 'விடுதலை' என்பது அந்த அளவுகோலில் அளக்கக்கூட முடியாத ஒன்று. இந்த ஒரு விவரத்தை வைத்தே பொறுப்பாசிரியரிடம் பேசலாம்.

எழுதியதை அனுப்பி ஓகே வாங்குவது பற்றி. பேட்டி கொடுத்தவரிடம் அவர் சொன்ன வரிகளைப் படித்துக் காட்டி, மருந்தின் அளவு, படிப்பு, பெயரின் எழுத்து எல்லாம் சரியா என்று கேட்பது நல்ல பழக்கம், மருத்துவக் கட்டுரையில் கட்டாயம் என்றே சொல்வேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். ஆனால் முழுக் கட்டுரையையும் அனுப்பி, வேண்டாததை வெட்டும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டால் அப்புறம் அதை எழுதியது நீங்கள் இல்லை. 'நியூயார்க் டைம்ஸ்' 2012-ல், பேட்டி கொடுத்தவர் தன் மேற்கோளைப் பார்த்து வெட்டித் திருத்தி அனுமதி கொடுக்கும் வழக்கத்தையே தன் நிருபர்களுக்குத் தடை செய்தது.

வெள்ளிக்காசுக்கு வருவோம். வாங்கிவிட்டேனே, இப்போது எந்த முகத்தோடு மறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மொத்த ஆபீஸுக்கும் வந்த தீபாவளிப் பெட்டியைத் தனியாக நின்று மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், பிரஸ் மீட்டில் பணம் வைத்த 'கவர்' நீட்டும்போது எல்லாரும் வாங்க ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் அதே கஷ்டம்தான். ஸ்வீட்டை விடுங்கள், அது பங்கு போட்டுத் தின்றதோடு போயிற்று. காசும் கார்டும் கையில் இருந்தால் ஒரு சின்னக் கடிதத்தோடு திருப்பி அனுப்புங்கள்: 'உங்கள் நிறுவனம் சம்பந்தப்பட்ட கட்டுரை என் பரிசீலனையில் இருப்பதால் இதை வைத்துக்கொள்ள முடியவில்லை, தவறாக நினைக்க வேண்டாம்.' கார்டில் செலவு செய்துவிட்டால் அந்தத் தொகையை பொறுப்பாசிரியருக்குத் தெரியப்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். கூட இருப்பவர்களையும் கொடுக்கச் சொல்லிப் போராட வேண்டாம், இப்போதைக்கு உங்கள் கை சுத்தமானால் போதும். பொருளாதாரச் செய்தி எழுதுகிறவர்கள் பரிசு, பயணம், சலுகை எதையும் வாங்கக் கூடாது என்று பத்திரிகைக் கவுன்சில் தனியாகவே நெறி வைத்திருக்கிறது. மருந்தைப் பற்றி எழுதுகிறவருக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி, எப்படிச் சொல்வது. மார்க்கெட்டிங் மேனேஜரிடம் வாதம் பண்ணாதீர்கள், உங்களுக்கு வேலை சொல்ல வேண்டியவர் அவர் இல்லை. பொறுப்பாசிரியரிடம், கதவைச் சாத்திக்கொண்டு, கோபம் இல்லாமல் பேசுங்கள். நியாயம், தர்மம் என்று ஆரம்பித்தால் அவருக்குக் குத்தும், ஏனென்றால் அவருக்கும் அது தெரியும். ஆபத்திலிருந்து ஆரம்பியுங்கள்: "சார், சர்க்கரை குணமாகும்னு போட்டா 1954 சட்டத்துல வரும். இதழ்ல ஆசிரியர்னு உங்க பேரும் வெளியிடுபவர்னு எம்.டி. பேரும்தான் இருக்கு, நோட்டீஸ் முதல்ல உங்களுக்குத்தான் வரும். பின் அட்டையை விட வேண்டாம், சட்டப்படி என்ன சொல்லலாமோ அதை அவங்க விளம்பரமாவே சொல்லட்டும். என் பேர்ல மட்டும் வேண்டாம்." மறுப்பதோடு நிற்காமல் கையில் ஒரு மாற்றையும் கொண்டுபோங்கள். சர்க்கரை நோயில் சித்த மருத்துவம் எதுவரை உதவும், எங்கே உதவாது என்று ஒரு நேர்மையான கட்டுரை தருகிறேன் என்று சொல்லுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே நாள்தோறும் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் ஒரு சர்க்கரை நோய் நிபுணரையும் கேட்டு எழுதினால் வாசகர்கள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் பலருக்கு இந்த '48 நாள்' வியாபாரத்தின்மேல் உங்களைவிட அதிகக் கோபம் இருக்கும், அதையும் எழுதலாம். அதில் எந்த பிராண்ட் பெயரும் வரக் கூடாது, அந்தப் பின் அட்டை வருகிற மாதத்தில் அந்தக் கட்டுரையைப் போடவும் கூடாது.

பேசி முடித்த அன்றைக்கே, பேசியதை நான்கு வரியில் பொறுப்பாசிரியருக்கு மெயில் போட்டுவிடுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம், 'இன்று பேசியபடி' என்று ஆரம்பித்தால் போதும். நிறுவனம் அனுப்பிய ஃபைல், மேனேஜரின் வாட்ஸ்அப் செய்தி, உங்கள் மெயில், எல்லாவற்றுக்கும் உங்களிடம் பிரதி இருக்கட்டும்.

பெயர் வேண்டாம், எழுதி மட்டும் கொடு என்று சொன்னால்? இதில் நான் கல் மாதிரி நிற்கமாட்டேன். குணமாகும் என்ற பேச்சே இல்லாத, ஒவ்வொரு பக்கத்திலும் விளம்பரம் என்று போட்ட ஒன்றை எழுதச் சொன்னால், அது மார்க்கெட்டிங் ஆள் செய்ய வேண்டிய வேலை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அப்புறமும் வேறு வழியில்லை என்றால் செய்துகொடுங்கள், அதற்காக உங்களை நீங்களே தின்றுகொள்ள வேண்டாம், வீட்டு வாடகை நிஜம். குணமாகும் என்று வந்தால், பார்க்காத ஆளைப் பார்த்ததாக வந்தால், பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடியாது.

1987-ல் ஒரு அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டசபை மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஊர் உலகமெல்லாம் எதிர்த்துக் குரல் கொடுத்து, சில நாட்களில் அவரை விடுவித்தார்கள். அவர் அத்தோடு விடாமல் உயர் நீதிமன்றம் போய் 1,000 ரூபாய் அடையாள நஷ்டஈடு வாங்கினார். நம் தொழிலில் எல்லாரும் பெருமையாகச் சொல்கிற கதை இது. உங்களுக்கு வந்திருக்கிற நெருக்கடிக்கு அப்படிக் கூட்டம் கூடாது, அது ஒரு மத்தியானம் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது, ஒரு உதவி ஆசிரியர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பாரம் உங்கள் தலையில் வந்திருக்கவே கூடாது. பதிப்பகம் நடத்துகிறவர்கள்தான் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்: விளம்பரப் பிரிவு ஆசிரியர் குழுவில் யாருக்கும் நேரடியாக வேலை சொல்லக் கூடாது, இத்தனை ரூபாய்க்கு மேல் பரிசு வாங்கக் கூடாது, மருத்துவக் கட்டுரை எதுவும் ஒரு டாக்டர் பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது, மனசாட்சிக்கு ஒவ்வாத கட்டுரையிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னால் அதற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது, தப்பு வந்தால் திருத்தம் எந்தப் பக்கத்தில் வரும் என்பதுவரை. ஒரே ஒரு தாள் போதும். உங்கள் இதழில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள், சில இடங்களில் அது இருக்கும், யாரும் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் மீறி உங்கள் பெயரிலேயே அச்சாகி வந்துவிட்டால், இதழ் கைக்கு வந்த அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள், இது நான் எழுதியதில்லை, அடுத்த இதழில் திருத்தம் வேண்டும் என்று. பதில் வராவிட்டால் பத்திரிகைக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம், மாத இதழ் என்றால் வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். கவுன்சிலால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், அபராதம் போட முடியாது, அதனால் பெரிதாக எதிர்பார்த்து அனுப்ப வேண்டாம், ஆனாலும் பதிவில் இருக்கும். அந்த நிலைமை வந்தால் வேறு இடமும் பார்க்க ஆரம்பித்துவிடுங்கள், கையில் வேலை இருக்கும்போதே தேடுவது நல்லது.

பொறுப்பாசிரியருக்கு அனுப்பப்போகும் மெயிலை முதலில் எனக்கு அனுப்புங்கள், பெயர்களை எடுத்துவிட்டே அனுப்பலாம். வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன்.